நம் வரலாறு பிறர் ஏட்டிலும் இருக்கிறது: பழைய பத்திரிகைகளை வாசிக்கும் முறை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஒரு மஹல்லாவின் வரலாற்றை எழுத முற்படுவோர் வழக்கமாக மூன்று சான்றுகளை நாடுவர். முதலாவது கல்: பள்ளிவாசல் கல்வெட்டும் கபுருஸ்தானில் நிற்கும் மீஸான் கல்லும். இரண்டாவது ஏடு: ஜமாஅத்தின் தீர்மானப் புத்தகம், நிகாஹ் பதிவேடு, வக்ஃபுப் பத்திரம். மூன்றாவது வாய்மொழி: ஊர்ப் பெரியவர்களின் நினைவு. மருங்காபுரி, துவரங்குறிச்சி, மணப்பாறை என்று நீளும் நம் வட்டாரத்தில் இம்மூன்றுமே நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. பள்ளியைப் புதுப்பிக்கும்போது பழைய கல் எங்கோ போய்விடுகிறது. பதிவேட்டைக் கரையான் தின்றுவிடுகிறது. பெரியவர் ஒருவர் மௌத்தானால் அவரோடு நூறு ஆண்டுச் செய்தி அடக்கமாகிவிடுகிறது.

நான்காவது சான்று ஒன்று உண்டு. அதுவே பழைய செய்தித்தாள். அது நம்மிடம் இல்லை. தொலைதூர நூலகங்களில் படம்பிடிக்கப்பட்டு, இணையத்தில் திறந்து கிடக்கிறது. அவற்றுள் நம் சமூகம் நடத்திய இதழ்களும் உண்டு; பிற சமூகத்தார் நடத்திய இதழ்களும் உண்டு; நம்மை ஆண்டவர்கள் நடத்திய இதழ்களும் உண்டு. இவை அனைத்தையும் சேர்த்து, நீதியோடு எடைபோட்டு வாசித்தால்தான் நம் வரலாறு முழுமையாகும் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் நடத்திய இதழ்கள்

தமிழ் முஸ்லிம்கள் அச்சுத் தொழிலில் பின்தங்கியிருந்தார்கள் என்று எண்ணுவோர் பலர். உண்மை வேறு. கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் மர்ஹூம் எம். சி. சித்தி லெப்பை அவர்கள் 1882 டிசம்பரில் கொழும்பில் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். 'சுதேசமித்திரன்' பிறந்ததும் அதே 1882ஆம் ஆண்டில்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் நம் முன்னோரின் வேகம் புரியும். அடுத்த ஆண்டில் நாகூர் குலாம் காதிறு நாவலர் அவர்கள் பினாங்கில் 'வித்தியா விசாரிணி'யை நடத்தினார். 1887 ஜூன் 27ஆம் நாள், திங்கட்கிழமை, சிங்கப்பூரில் மகுதூம் சாகிபு அவர்கள் 'சிங்கை நேசன்' முதல் இதழை வெளியிட்டார். தீனோதய இயந்திரசாலை என்னும் அவரது அச்சுக்கூடத்தில் அது அச்சாயிற்று. 1890 வரை வந்தது. நடத்தியவர் முஸ்லிம் என்றாலும், சிங்கையில் வாழ்ந்த தமிழர் அனைவருக்குமான செய்தித்தாளாகவே அது விளங்கிற்று.

இருபதாம் நூற்றாண்டில் பா. தாவூத் ஷா அவர்களின் 'தாருல் இஸ்லாம்' தமிழகமெங்கும் பரவலாக வாசிக்கப்பட்டது. அவருடைய கருத்துகள் சிலவற்றை உலமாக்கள் பலர் கடுமையாக மறுத்தனர். மறுப்புக்கென்றே ஏடுகளும் எழுந்தன. அந்த வாதப் பிரதிவாதங்கள் இரண்டும் கிடைத்தால்தான் அக்காலத்து முஸ்லிம் உள்ளத்தை அறிய முடியும். ஒன்றை மட்டும் படித்தவர் வழக்கின் ஒரு தரப்பை மட்டும் கேட்ட காஜியைப் போன்றவர்.

தமிழோடு இது நின்றுவிடவில்லை. கொழும்பில் வாழ்ந்த மலாய் முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்த பாபா யூனுஸ் சல்தீன் 1869லேயே 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய் இதழை அரபு எழுத்தில் வெளியிட்டார். நமக்கு அரபுத்தமிழ் போல அவர்களுக்கு அது. ஒரே தீவில், ஒரே கிப்லாவை நோக்கித் தொழுத இரு சமூகங்கள் இரு மொழிகளில் தத்தம் செய்தியைப் பதித்துச் சென்றிருக்கின்றன.

இவற்றுள் பெரும்பாலானவற்றின் முழுத் தொகுதி எந்த ஒரு வீட்டிலும் இல்லை. செய்தித்தாள் மலிவான தாளில் அச்சாவது. ஒரு வாரம் ஆயுள் உள்ளது. அதன் பிறகு மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கப் போவது. கிதாபுக்கு நாம் தரும் மரியாதையைப் பத்திரிகைக்கு யாரும் தருவதில்லை. ஆகையால் எஞ்சியவை நூலகங்களில் எஞ்சியவையே.

இன்று அவை எங்கே இருக்கின்றன?

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' என்னும் தளத்தில் அந்நாட்டின் ஆங்கில, மலாய், சீன, தமிழ்ப் பத்திரிகைகளை ஒன்றாக வைத்திருக்கிறது. 1935இல் கோ. சாரங்கபாணி அவர்கள் காலத்தில் தொடங்கிய 'தமிழ் முரசு' அங்கே உண்டு. கடல் கடந்து பிழைக்கச் சென்ற நம் சபுராளிகளின் மீலாது விழா, சங்கத் தேர்தல், கடைத் திறப்பு, மரண அறிவிப்பு ஆகியவற்றைத் தேடுவோர் முதலில் தட்ட வேண்டிய கதவு அது.

இலங்கையில் 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் தன்னார்வத் திட்டம், அந்நாட்டுத் தமிழ்பேசும் சமூகங்களின் நூல்களையும் இதழ்களையும் பத்திரிகைகளையும் பக்கம் பக்கமாகப் படம்பிடித்துக் கட்டணமின்றி வழங்குகிறது. முஸ்லிம்களின் வெளியீடுகளுக்கும் அதில் இடம் உண்டு. நம் மாநிலத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய பருவ இதழ்கள் பல உள்ளன. காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும், சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் 1994இல் சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாயின. அங்குள்ள அனைத்தையும் வீட்டிலிருந்தே பார்க்க இயலாது. அட்டவணையில் இருப்பதைக் கண்டறிந்து நேரில் சென்று வாசிக்க வேண்டியவை ஏராளம்.

அயல்நாடுகளையும் மறக்கலாகாது. ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் 'ட்ரோவ்' தளத்தில் அந்நாட்டுச் செய்தித்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மணப்பாறைக்காரருக்கு ஆஸ்திரேலியப் பத்திரிகை எதற்கு என்று கேட்கலாம். எகிப்தில் ஆங்கிலேயரை எதிர்த்து 1882இல் தோற்ற அஹ்மத் உராபி பாஷா, 1883 ஜனவரியில் கொழும்புக்கு நாடுகடத்தப்பட்டார். ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள் இலங்கையில் வாழ்ந்தார். சித்தி லெப்பை போன்றோருக்கு அவர் ஊக்கமாக நின்றார்; பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்த மதரஸா 1892இல் தொடங்கப்பட்டதில் அவருக்கும் பங்குண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து இங்கிலாந்து சென்ற நீராவிக் கப்பல்கள் கொழும்பில் நிற்கும். இறங்கியவர்களில் சிலர் பாஷாவைச் சென்று பார்த்துத் தம் ஊர்ப் பத்திரிகையில் எழுதினர். அவர்களுக்கு அவர் ஒரு வேடிக்கைப் பொருள். லண்டன் ஏடுகளுக்குக் கலகக்காரர். கொழும்பு முஸ்லிம்களுக்கு மதிப்புக்குரிய விருந்தாளி. ஒரே மனிதரின் மூன்று முகங்கள் மூன்று வகை ஏடுகளில் இருக்கின்றன. முழு உருவம் வேண்டுவோர் மூன்றையும் திரட்ட வேண்டும்.

உள்ளூருக்கு வருவோம். 1930களில் திருச்சியிலிருந்து மணவை ரெ. திருமலைசாமி அவர்கள் 'நகர தூதன்' என்ற வார இதழை நடத்தினார். சுயமரியாதைக் கொள்கை சார்ந்த இதழ் அது. 1925இல் ஈரோட்டில் பெரியார் தொடங்கிய 'குடி அரசு'ம் அவ்வாறே. சமய நம்பிக்கையில் அவர்களுக்கும் நமக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. ஆயினும் அக்காலத்துத் திருச்சி மாவட்டத்தில் முஸ்லிம்களைப் பற்றி அக்கம்பக்கத்தார் என்ன நினைத்தனர், எந்த மேடையில் சேர்ந்து நின்றனர், எதில் பிணங்கினர் என்பதை ஆராய்பவர் அவ்வேடுகளை ஒதுக்கினால் பாதி இருட்டில்தான் நடக்க வேண்டியிருக்கும்.

தேடும் கலை

இத்தளங்களில் ஒரு சொல்லைத் தட்டியதும் எல்லாம் வந்துவிடும் என்று நம்புவோர் ஏமாற்றமடைவர். பக்கத்தின் படத்திலுள்ள எழுத்துகளைக் கணினி தானே படித்து அட்டவணையிடுகிறது. இதனை எழுத்துணரி என்பர். ஆங்கிலத்தில் இது ஓரளவு சரியாக இயங்குகிறது. பழந்தமிழ் அச்சில் தடுமாறுகிறது. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன், ணா, றா, னா, லை, னை போன்ற எழுத்துகள் வேறு உருவில் இருந்தன. மை பரவிய தாளும் நெருக்கிக் கோத்த வரிகளும் சேர்ந்து கணினியைக் குழப்புகின்றன. ஆதலால் தேடல் பெட்டி வெறுங்கையோடு திரும்பினால் செய்தியே இல்லை என்று முடிவுகட்டாமல், உரிய ஆண்டின் இதழ்களைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும்.

இரண்டாவது, பெயர்கள். நம் பெயர்களை அன்று ஒரே விதமாக எவரும் எழுதவில்லை. முஹம்மது என்பது முகமது, முகம்மது, மகமது, மஹம்மது என்றெல்லாம் வரும். சாஹிப் என்பது சாகிபு, சாயபு, சாயிபு என்று வரும். ராவுத்தர், இராவுத்தர், றாவுத்தர் மூவரும் ஒருவரே. மரைக்காயரும் மரக்காயரும் அவ்வாறே. ஆங்கில ஏடுகளில் முஸ்லிம் என்ற சொல்லை மட்டும் தேடினால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாம் இருந்ததாகவே தெரியாது. அவர்கள் நம்மை மகமதன், முசல்மான், மூர், மூர்மேன், லப்பை, சூலியா என்று எழுதினர். மலாயாவில் தென்னிந்தியரைக் 'கிளிங்' என்று இழிவாகவும் அழைத்தனர். அச்சொற்கள் நமக்கு உவப்பானவை அல்ல; எனினும் அந்தப் பெயரைச் சொல்லித் தட்டினால்தான் அந்தக் கதவு திறக்கும். ஊர்ப் பெயரும் இப்படித்தான். திருச்சியைத் திரிசிரபுரம் என்றும், ஆங்கிலத்தில் டிரிச்சினாப்பள்ளி என்றும் தேட வேண்டும்.

மூன்றாவது, தேதி. பழைய தமிழ் ஏடுகளில் ஆங்கிலத் தேதியோடு தமிழ் ஆண்டுப் பெயர் வரும். முஸ்லிம் ஏடுகளில் ஹிஜ்ரியும் வரும். வருஷத்திற்கு ௵, மாதத்திற்கு ௴, தேதிக்கு ௳ என்ற குறிகளும் தமிழ் எண்களும் வரும். 'சிங்கை நேசன்' தோன்றிய 1887 ஜூன் மாதக் கடைசி, சர்வசித்து ஆண்டு ஆனி மாதம். ஹிஜ்ரி 1304 ஷவ்வால். பள்ளிக் கல்வெட்டில் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருந்தால், அதற்கு நேரான ஆங்கில ஆண்டை அறிந்த பின்னரே பத்திரிகையைத் திறக்க வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு சூரிய ஆண்டைவிடப் பதினொரு நாள் அளவு குறைந்தது என்பதால், ஒரு ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவிக் கிடக்கும்.

நான்காவது, எதைப் படிப்பது? தலையங்கத்தைவிட விளம்பரப் பத்தியும், கடிதப் பத்தியும், கையொப்பக்காரர் செலுத்திய சந்தா விவரமும், முகவர் பட்டியலும் ஊர் வரலாற்றுக்கு அதிகம் உதவும். பத்திரிகையாசிரியர் தம் கருத்தைத் தலையங்கத்தில் வைப்பார். ஊர் தன்னை அறியாமலே தன்னை விளம்பரப் பத்தியில் காட்டிவிடும்.

ஒரு கலவரமும் பல ஏடுகளும்

பல சமூகத்து ஏடுகளை ஏன் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பதற்கு 1915ஆம் ஆண்டு இலங்கைக் கலவரத்தைவிடத் தெளிவான உதாரணம் நம் வரலாற்றில் அரிது. அதில் முதல் அடி வாங்கியவர்கள் தமிழகத்திலிருந்து வணிகத்திற்குச் சென்ற முஸ்லிம்களே. ஆங்கிலேயர் அவர்களைக் கரையோரச் சோனகர் என்ற பொருளில் 'கோஸ்ட் மூர்' என்றனர். சிங்களவர் 'ஹம்பயா' என்றனர்.

கம்பளை நகரில் சிங்களப் பௌத்தரின் பெரஹரா ஊர்வலம் பள்ளிவாசலைக் கடக்கும்போது வாத்தியம் இசைக்கலாமா என்பதில் வழக்கு எழுந்தது. 1914இல் கண்டி மாவட்ட நீதிமன்றம் கோயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 1915 பிப்ரவரியில் உயர்நிலை நீதிமன்றம் அதை மாற்றிற்று. மே 28ஆம் நாள், வெசாக் இரவில், கண்டியில் பள்ளிவாசல் ஒன்றின் முன் மூண்ட சண்டை சில நாள்களில் பல மாவட்டங்களுக்குப் பரவியது. ஜூன் 2இல் இராணுவச் சட்டம் அறிவிக்கப்பட்டது. அரசுக் கணக்கின்படி முஸ்லிம்களின் 4,075 வீடுகளும் கடைகளும் கொள்ளையிடப்பட்டன. 17 பள்ளிவாசல்கள் எரிக்கப்பட்டன. 86 பள்ளிவாசல்கள் சேதமுற்றன. 25 முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர்.

இது நம் தரப்பு. இதை மட்டும் அறிந்தவர் நெஞ்சில் மிஞ்சுவது காயம் ஒன்றே. சிங்களத் தரப்பு ஏடுகளைத் திறந்தால் வேறொரு காட்சி. அநகாரிக தர்மபாலர் தொடங்கிய 'சிங்கள பௌத்தயா' போன்றவை முஸ்லிம் வணிகர் மீது கலவரத்திற்கு முன்பே கடும் வெறுப்பைக் கொட்டி வந்தன. படிக்க வேதனையாக இருக்கும். எனினும் அந்த வெறுப்பினூடே, உலகப் போர்க்கால விலையேற்றம், கடைக் கடன், வட்டி, சிற்றூர்களில் அந்நிய வணிகர் மீதிருந்த பொறாமை ஆகியவற்றின் தடமும் தெரியும். எந்தப் பகையும் ஒரே இரவில் முளைப்பதில்லை. அதன் வேரைப் பகைவர் ஏட்டில்தான் காண முடியும்.

கல்வி பெற்ற சிங்களவரின், தமிழரின் ஆங்கில எழுத்துகளைத் திறந்தால் மூன்றாவது காட்சி. இராணுவச் சட்டத்தின் பெயரால் அரசு செய்த கொடுமைகள் அங்கே பேசப்படுகின்றன. அறுபதுக்கும் மேற்பட்டோர் படையினராலும் காவலராலும் கொல்லப்பட்டனர். ஹென்றி பெட்ரிஸ் என்ற இளைஞர் ஜூலை 7ஆம் நாள் சுட்டுக் கொல்லப்பட்டார். பின்னாளில் சுதந்திர இலங்கையின் முதல் பிரதமரான டி. எஸ். சேனநாயக்க சிறையில் அடைக்கப்பட்டார். இழப்பீடு சிங்கள மக்களிடமிருந்து வசூலிக்கப்பட்டது. பொன்னம்பலம் இராமநாதன் சட்டசபையில் சிங்களவருக்காக வாதாடினார். 1916இல் ஒரு நூலும் வெளியிட்டார். முஸ்லிம்கள் அவர்மீது கொண்ட மனக்கசப்பு நெடுநாள் நீடித்தது. அவர் அன்று எதைக் கண்டு பேசினார் என்பதை அறிந்துகொண்டு கசப்பது வேறு. அறியாமல் கசப்பது வேறு.

நான்காவது, தோட்டத் துரைமாரும் ஆங்கில வணிகரும் வாசித்த ஏடுகள். போர்க்காலத்தில் எங்கும் ஜெர்மன் சதியைக் கண்டு அஞ்சிய ஆட்சியாளரின் கண்ணோட்டத்தை அங்கே காணலாம். முஸ்லிம்களைக் காப்பாற்றியதாகச் சொன்ன அதே கை, மற்றொரு சமூகத்தை நீதியின்றி நசுக்கியதும் அங்கேதான் தெரியவரும்.

நம் கடை எரிந்தது உண்மை. அவர்கள் பிள்ளை சுட்டுக் கொல்லப்பட்டதும் உண்மை. முந்தியதைச் சொல்லும் ஏட்டில் பிந்தியது ஓரத்தில்தான் இருக்கும். பிந்தியதைச் சொல்லும் ஏட்டில் முந்தியது ஓரத்தில்தான் இருக்கும். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்னும் கருத்து அல்மாயிதா அத்தியாயத்தின் எட்டாம் வசனத்தில் நமக்குக் கட்டளையாகவே வந்திருக்கிறது. வரலாறு எழுதுபவரின் பேனாவுக்கும் அக்கட்டளை பொருந்தும்.

செய்தியை எடைபோடும் இல்மு

இந்த இடத்தில் மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஓர் அனுகூலம் உண்டு. செய்தி வந்தால் தீர விசாரியுங்கள் என்று ஹுஜுராத் அத்தியாயத்தின் ஆறாம் வசனம் பணிக்கிறது. அப்பணியை ஓர் அறிவுத் துறையாகவே வளர்த்தவர்கள் ஹதீஸ் கலை இமாம்கள். செய்தியைச் சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், நேரில் கண்டாரா, நினைவாற்றல் எத்தகையது, சார்பு உண்டா என்று அவர்கள் கேட்ட கேள்விகளைப் பத்திரிகைக்கும் கேட்கலாம். ஹதீஸுக்குரிய புனிதம் பத்திரிகைக்கு இல்லை. ஆயினும் எடைபோடும் தராசை எடுத்துப் பயன்படுத்துவதில் தடையில்லை.

ஓர் உதாரணம். ஒரே செய்தி சென்னை, சிங்கப்பூர், மெல்போர்ன் ஆகிய ஊர்களின் பத்து நாளேடுகளில் வந்திருக்கிறது. பத்துச் சாட்சிகள் கிடைத்துவிட்டதாக மாணவர் மகிழ்வார். உற்றுப் பார்த்தால் பத்தும் ராய்ட்டர் தந்தி ஒன்றை அப்படியே பெயர்த்தவை. அது முதவாதிர் ஆகாது. ஒரே ராவி சொன்ன ஆஹாது செய்தியே. அதற்கு மாறாக, ஒன்றையொன்று பார்க்காத, ஒன்றோடொன்று பிணங்கிய இரு ஏடுகள் ஒரே விவரத்தைச் சொன்னால், அதன் வலிமை மிகப் பெரிது.

மற்றோர் உதாரணம். ஆங்கில அரசு சுதேசப் பத்திரிகைகளைக் கண்காணிக்க மொழிபெயர்ப்பாளர்களை வைத்திருந்தது. அவர்கள் தமிழ், தெலுங்கு, மலையாளம், உருது, கன்னட ஏடுகளைப் படித்து, முக்கியமெனக் கருதியவற்றைச் சுருக்கி, ஆங்கிலத்தில் இரகசிய அறிக்கையாக அரசுக்கு அளித்தனர். 'சுதேசப் பத்திரிகை அறிக்கைகள்' எனப்படும் இவற்றுள் பல இன்று 'சவுத் ஏசியா ஓப்பன் ஆர்க்கைவ்ஸ்' என்னும் இணையக் காப்பகத்தில் கிடைக்கின்றன. மூல இதழ் அழிந்து, இச்சுருக்கம் மட்டும் எஞ்சிய இடங்கள் உண்டு. அரசுக்கு எது அச்சம் தந்ததோ அதுவே அதில் இருக்கும். மதரஸா திறப்பு விழா இராது. கிலாபத் கூட்டம் இருக்கும். 1920 ஆகஸ்டில் காந்தியடிகளும் மௌலானா ஷௌகத் அலியும் திருச்சி வந்தனர் என்பது போன்ற நிகழ்வுகளை இவ்வறிக்கைகள் வழியாகத் தேடுவோர், இடையில் நிற்கும் ராவி ஓர் அரசு ஊழியர் என்பதை மறக்கலாகாது.

இமாம் இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் வரலாற்றுச் செய்திகளில் பொய் நுழையும் வழிகளை எண்ணிக் காட்டுகிறார். கட்சிப் பற்று, அறிவிப்பாளர் மீது கண்மூடிய நம்பிக்கை, பெரிய மனிதரைப் புகழ்ந்து பயன்பெறும் ஆசை, சமூகங்களின் இயல்பை அறியாமை ஆகியவை அவற்றுள் சில. பத்திரிகை பிறப்பதற்கு முன்பே பத்திரிகையின் நோய்களை அவர் சொல்லிவிட்டார் எனலாம். நம் சமூக ஏடுகளுக்கும் இந்நோய்கள் உண்டு. நன்கொடை தந்த தனவந்தரைப் புகழ்ந்து எழுதிய பத்தியை வைத்து அவர் வாழ்வை எழுதிவிட முடியாது.

பத்திரிகையில் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊர்ப் பெண்கள் குர்ஆன் ஓதிக் கொடுத்ததும், பஞ்சத்தில் கஞ்சி காய்ச்சி ஊற்றியதும், பயணம் போன கணவரின் கடையைக் கட்டிக் காத்ததும் எந்த ஏட்டிலும் அநேகமாக வரவில்லை. அவற்றுக்கு வாய்மொழிதான் சான்று. ஆதலால் நான்காவது சான்று வந்துவிட்டதென்று முதல் மூன்றையும் கைவிடலாகாது.

நம் அலமாரியின் கடமை

பிறர் தம் ஏடுகளைப் பாதுகாத்து நமக்கும் திறந்து வைத்திருக்கிறார்கள். நம்மிடம் எஞ்சியதை நாம் என்ன செய்கிறோம்? பள்ளிவாசல் அலமாரியிலும், பழைய வீட்டுப் பரணிலும், மதரஸா கிதாபுகளுக்கிடையிலும் இன்னும் சில இதழ்கள், மலர்கள், நோட்டீசுகள் இருக்கக்கூடும்.

செய்ய வேண்டியது கடினமன்று. உரியவரிடம் அனுமதி பெறுங்கள். தாளை மெதுவாக விரித்து, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இன்றி, நேர் மேலிருந்து கைப்பேசியால் படம் எடுங்கள். இதழின் பெயர், தேதி, பக்க எண் தெரியும் பகுதியை விட்டுவிடாதீர்கள். தேதியற்ற துண்டு, இஸ்னாத் அற்ற செய்தி போன்றது. கிழிந்த தாளுக்கு ஒட்டும் டேப்பு போடாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், இரண்டும் காலப்போக்கில் தாளைக் கெடுக்கும். எடுத்த படங்களை ஒரே இடத்தில் வைக்காமல் இரண்டு மூன்று பிரதிகளாக வையுங்கள். மூலத்தைப் பாதுகாக்க வசதியில்லையேல், அதற்கென்று இருக்கும் நூலகத்தை அணுகுங்கள். திருச்சி ஜமால் முகமது கல்லூரி 1951இல் தோன்றியதற்கும் நம் முன்னோரின் கொடைதான் காரணம். கல்விக்குப் பொருளை வக்ஃபு செய்த சமூகம், காகிதத்தையும் அவ்வாறே ஒப்படைக்கத் தயங்க வேண்டியதில்லை.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. பழைய ஏடுகளில் குடும்பச் சண்டை, தலாக் வழக்கு, கடன் ஏலம் போன்றவையும் அச்சாகியிருக்கும். அச்சில் வந்துவிட்டது என்பதற்காக, இன்று வாழும் பேரப்பிள்ளைகள் தலைகுனியும்படி அதை எடுத்துப் பரப்புவது ஆராய்ச்சியாகாது. பிறர் குறையை மறைப்பது நம் மார்க்கம் கற்பித்த பண்பு. வரலாற்றுக்கு அவசியமானதை, அவசியமான அளவில், பெயரைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்து எழுத வேண்டும்.

ஜாபிர் இப்னு அப்துல்லாஹ் (ரலி) அவர்கள், அப்துல்லாஹ் இப்னு உனைஸ் (ரலி) அவர்களிடமிருந்து ஒரே ஒரு ஹதீஸைக் கேட்பதற்காக ஒட்டகம் வாங்கி, ஒரு மாதம் பயணம் செய்து ஷாம் தேசம் சென்றார்கள் என்று கிதாபுகள் கூறுகின்றன. இன்று மருங்காபுரியில் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே கொழும்பு, சிங்கப்பூர், மெல்போர்ன் ஏடுகளை ஒரு மாணவரோ மாணவியோ விரலால் புரட்டிவிட முடிகிறது. பயணத்தின் களைப்பு நீங்கியிருக்கிறது. ஆனால் அன்று அவர்களைப் புறப்படச் செய்த கவலை, அதாவது செய்தியை உரியவர் வாயிலிருந்தே சரியாகப் பெற வேண்டும் என்ற கவலை, நம்மிடம் குறைந்துவிடக் கூடாது. வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே அனுப்பும் இக்காலத்தில், ஒரு பழைய செய்தியைப் பல சமூகத்தார் ஏட்டிலும் ஒப்பிட்டுப் பார்க்கப் பழகிய பிள்ளை, புதிய செய்தியையும் அவ்வாறே விசாரிக்கும்.

ரமலான் விடுமுறையிலோ கோடை விடுமுறையிலோ ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கைந்து பிள்ளைகள் சேர்ந்து, தம் ஊர்ப் பெயரையும் தம் பாட்டனார் பிழைக்கச் சென்ற ஊரின் பெயரையும் இவ்வேடுகளில் தேடிப் பார்க்கட்டும். கிடைத்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி, ஊர்ப் பெரியவரிடம் படித்துக் காட்டட்டும். பெரியவரின் நினைவும் அச்சின் சாட்சியமும் சந்திக்கும் அந்த இடத்தில், இன்ஷா அல்லாஹ், நம் ஊரின் வரலாறு எழுதத் தொடங்கும்.

உண்மையை உண்மையாகக் காணவும், பகைவருக்கும் நீதி செய்யவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌஃபீக் செய்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.